முன் கண்ணாடி கிடைக்காத காலத்தில்

தோட்ட வாகனச் சாரதிகளுக்கும், வாகனத் திருத்த வேலை பழகும் இளைஞர்களுக்கும் நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சியில், நீண்டகாலம் கராஜ் நடத்திய ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. அவர் பேசிய பாணியை இயன்றவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.



எனக்கு மேடைப் பேச்சு வராது. ஸ்பேனரைப் பிடித்த கை மைக்கைப் பிடிக்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். எனக்கு முன்னால் பேசிய ஐயா பிரேக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் கண்ணாடியைப் பற்றிப் பேசப் போகிறேன். "கண்ணாடியில பேச என்ன இருக்கு, உடைஞ்சா மாத்த வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். மாற்றக் கண்ணாடி கிடைத்தால் பேச ஒன்றுமில்லை. கிடைக்காதபோது என்ன செய்கிறோம் என்பதில்தான் கதை இருக்கிறது.

1975ஆம் ஆண்டு எனக்குப் பதினான்கு வயது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலம். அதற்கு முந்திய இரண்டு வருஷம் லயங்களில் பட்டினி எப்படி இருந்தது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டவுனில் ஒரு கராஜில் கோலயாவாகச் சேர்ந்தேன். கோலயா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியுமோ தெரியவில்லை. சாமான் கழுவுவது, தேத்தண்ணி வாங்கி வருவது, பாஸுக்கு லைட் பிடிப்பது, அதுதான் வேலை.

அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலேசில் வராது. பிஸ்டன் ரிங் இல்லை, பெயாரிங் இல்லை, கண்ணாடி இல்லை. ஒரு காரைக் கழற்றி இன்னொரு காருக்குப் போடுவோம். நம்ம ஆட்கள் மூளையைப் பாவித்துப் பிழைத்த காலம் அது. மொரிஸ் மைனர் கார்களை நாம் ஓட்டிய ஓட்டத்தை இங்கிலாந்துக்காரனே ஓட்டியிருக்க மாட்டான். பின்னால் 1990களில் இந்த நாட்டிலேயே மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால் பாருங்களேன்.

அந்த மைனரில் 1956க்கு முந்தியது ஒரு வகை, பிந்தியது ஒரு வகை. 1948இல் வெளிவந்தபோது அதன் முன் கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு. நடுவில் ஒரு கம்பி, இரண்டு பக்கமும் தட்டையான இரண்டு துண்டு. 1956இல் மைனர் 1000 வந்த பிறகுதான் ஒரே வளைந்த கண்ணாடியாக மாறியது. எங்கள் தோட்டத்துப் பக்கம் வாடகைக்கு ஓடிய கார் பழைய வகை. ஓட்டியவர் எங்கள் லயத்து மாமா. சொந்த மாமா இல்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் நடுச்சாமத்தில் அவர் கதவைத்தான் தட்டுவார்கள்.

அவருடைய காரில் சாரதிப் பக்கத்துக் கண்ணாடி வெடித்துவிட்டது. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. எங்கள் பாஸ் சொன்னார், "தட்டைக் கண்ணாடிதானே, ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போடுவோம்." வீட்டு ஜன்னலுக்குப் போடும் கண்ணாடியை அளவாக வெட்டினார். நான்தான் பிடித்துக் கொடுத்தேன். றப்பருக்குள் இறக்கிப் பார்த்தால், அசல் கண்ணாடி மாதிரியே இருந்தது. மாமாவுக்குச் சந்தோஷம். எனக்கு இருபத்தைந்து சதம் கொடுத்தார்.

நாலு மாதம் ஓடியிருக்கும். பிள்ளை பெற்ற ஒரு தாயையும் பச்சைக் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, முன்னால் போன லொறியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்தது. பெரிய கல் இல்லை, கொட்டைப்பாக்கு அளவு. ஜன்னல் கண்ணாடி உடைந்தால் எப்படி உடையும்? கத்தி கத்தியாக உடையும். அதில் ஒரு துண்டு மாமாவின் இடது கண்ணில் ஏறியது. அந்த நிலைமையிலும் மனுஷன் பள்ளத்துப் பக்கம் விடாமல், மலைப் பக்கத்துக் கானில் சக்கரத்தை இறக்கிக் காரை நிறுத்தினார். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்கு அந்தக் கண் போனது போனதுதான். காரை விற்றுவிட்டார். கடைசிவரை பாஸையோ என்னையோ ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "சாமான் இல்லாத காலம், என்ன செய்யிறது" என்பார். அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆகவே கண்ணாடியில் என்ன வகை இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றே மூன்றுதான்.

ஒன்று, நான் சொன்ன ஜன்னல் கண்ணாடி. வாகனத்தில் அதற்கு எந்த இடத்திலும் வேலை இல்லை.

இரண்டாவது டெம்பர் கண்ணாடி. கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றை அடித்து ஒரேயடியாக ஆற வைப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்பக்கம் பிறகு இறுகுவதால் அதற்குப் பலம் அதிகம். உடைந்தால் கற்கண்டு மாதிரி சிறு சிறு கட்டியாக உதிரும். வாகனத்தின் பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் இதுதான். பழைய கார்கள் பலவற்றில் முன்னாலும் இதையே போட்டிருந்தார்கள். ஆனால் முன்னால் இதில் ஒரு கெடுதி உண்டு. கல் பட்டவுடன் முழுக் கண்ணாடியும் பனி பிடித்த மாதிரி வெள்ளையாகிவிடும். ரோட்டே தெரியாது. அந்தக் காலத்து டிரைவர்மார் முஷ்டியால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்து நிறுத்துவார்கள். ரம்பொடை இறக்கத்தில் அப்படி ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, டெம்பர் பண்ணிய பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. தொட்டால் முழுவதும் கொட்டிவிடும். "அளவா வெட்டித் தாறேன்" என்று கடைக்காரன் சொன்னால் அவன் தருவது டெம்பர் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது லமினேட் கண்ணாடி. இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியது. இது கண்டுபிடிக்கப்பட்ட கதை நல்ல கதை. 1903இல் பிரான்ஸ் நாட்டில் பெனடிக்டஸ் என்ற இரசாயன ஆராய்ச்சியாளர் ஒருவரின் கையிலிருந்து, அல்லது தட்டிலிருந்து, ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. வெடித்தது, ஆனால் சிதறவில்லை. பார்த்தால், உள்ளே இருந்த மருந்து காய்ந்து ஒரு தோல் மாதிரிப் படிந்து துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதை வைத்து 1909இல் உரிமம் வாங்கினார். முன் கண்ணாடிக்கு ஏற்றது இதுதான். கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி வெடிக்கும், ஆனால் அந்த இடத்திலேயே நிற்கும். ரோடும் ஓரளவு தெரியும். உள்ளே இருப்பவர் வெளியே எறியப்படாமலும் அது தடுக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் வகை அச்சடித்திருக்கும். எழுத்து அழிந்திருந்தால், கழற்றி வைத்திருக்கும் கண்ணாடியின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். லமினேட்டில் இரண்டு தட்டுக்கு நடுவே மயிர் போல ஒரு கோடு ஓடும், நகத்தால் தடவினாலும் தெரியும். கோடு இல்லை என்றால் அது லமினேட் இல்லை, விற்பவர் என்ன சத்தியம் பண்ணினாலும் சரி.

1975இல் எங்கள் பாஸுக்கு லமினேட் தட்டு கிடைக்கவில்லை. இன்றைக்கு அந்த நொண்டிச் சாக்குச் சொல்ல முடியாது. கட்டடங்களுக்குப் போடுவதற்காகத் தட்டையான லமினேட் பெரிய பெரிய தட்டாகவே விற்கிறார்கள். டெம்பரைப் போல இல்லாமல், இதை வெட்டலாம். அந்தப் பழைய மைனருக்கும், துரைமார் ஓட்டிய பழைய லாண்ட் ரோவருக்கும் முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுதான். ஆகவே சாமானுக்காக யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். நடுத் தாளின் தடிப்பு. வீட்டு வேலைக்கு விற்பதில் பெரும்பாலும் 0.38 மில்லிமீற்றர் இருக்கும். வாகன முன் கண்ணாடிக்கு 0.76 வேண்டும், அதாவது இரட்டிப்பு. தலை மோதினால் கிழியாமல் தாங்குவது அந்தத் தாள்தான்.

வெட்டும்போது இரண்டு முகத்திலும் ஒரே கோட்டில் கீற வேண்டும், ஒவ்வொரு பக்கமாகத் தட்டி முறிக்க வேண்டும், பிறகு நடுத்தாளை மெல்லிய பிளேட்டால் அறுக்க வேண்டும். இதைக் கண்ணாடிக் கடைக்காரனிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பழைய துண்டை வைத்து ஒட்டுப்பலகையில் அச்சு எடுத்துக் கொடுப்பது. மைனரில் ஒரு பக்கம் முழுதாக இருந்தால் அதைப் புரட்டிப் போட்டால் மற்றப் பக்கத்தின் அளவு வந்துவிடும். வெட்டிய ஓரத்தைத் தண்ணீர் ஊற்றிச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பல் இருந்தால், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

வளைந்த கண்ணாடிதான் தலைவலி. அதை நாம் செய்ய முடியாது, தேடத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலரே இல்லாமல் போனது. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு தம்பி, பழைய ஹயஸ் வான் ஒன்றோடு வந்தார். முன் கண்ணாடியில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. அதற்கு மேல் பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தார். "அண்ணே, ஒரு மாசம் ஓட்டினா போதும், பெற்றோல் கியூவிலேயே பாதி நாள் போயிருது" என்றார். வானை நிறுத்தினால் அவருக்குச் சோறு இல்லை, பதினாறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அது எனக்கும் விளங்கியது. ஆனால் முன் சீட்டில் எத்தனை பிள்ளை ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார். கண்ணாடி மாற்றும்வரை முன் சீட்டில் ஒரு பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தடவை போனேன். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாகனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதாது. சேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கூரை உயரம் மாறினால் கண்ணாடியும் மாறும். பழைய கண்ணாடியின் அகலம், இரண்டு ஓரத்து உயரம், நடு உயரம் மூன்றையும் அளந்து வையுங்கள். அளவு நாடாவை வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்க வேண்டும். நான் முதல் தடவை நேராகப் பிடித்து அளந்துவிட்டு வெறுங்கையோடு வந்தவன். உடைத்த வாகனத்திலிருந்து கழற்றிய ஒரு கண்ணாடி இரண்டாம் தடவை கிடைத்தது. ஓரத்தைச் சுற்றி விரல் வைத்துப் பார்த்தேன், பல் இல்லை. வைப்பர் தேய்த்த கீறல் மட்டும் இருந்தது. விலையைச் சொல்ல மாட்டேன், அந்தத் தம்பியின் மனைவி இங்கே இருந்தால் சண்டை வந்துவிடும்.

அதைக் கொண்டுவந்து பூட்டினோம். மறுநாள் காலையில் வான் வாசலில் நிற்கிறது. கல் படவில்லை, யாரும் தொடவில்லை, கீழ் மூலையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வெடித்திருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. கழற்றிப் பார்த்தால், றப்பர் உட்காரும் தகட்டு விளிம்பில் கடலைப் பருப்பு அளவுக்குத் துருக் கட்டி. மேலே பெயின்ட் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. அது றப்பரைத் தள்ளி, றப்பர் கண்ணாடியைத் தள்ளி, இரவுக் குளிரில் எல்லாம் இறுகியதும் வெடித்துவிட்டது. பிழை என்னுடையது. இன்னொரு கண்ணாடி தேட எனக்கு ஐந்து கிழமை எடுத்தது, காசும் என் காசு. அவசரப்பட்டு அரை மணித்தியாலம் மிச்சம் பிடித்ததற்கு வந்த பில் அது.

ஆகவே வேலையை இப்படிச் செய்யுங்கள். வைப்பர் கைகளைக் கழற்றுங்கள். றப்பரின் நடுவில் பளபளப்பான பூட்டுப் பட்டி இருந்தால் முதலில் அதை உருவுங்கள். பிறகு உள்ளேயிருந்து மேல் மூலையைத் துணி சுற்றிய காலால் மெதுவாகத் தள்ள, வெளியே ஒருவர் ஏந்த வேண்டும். றப்பர் உதட்டைக் கிளப்ப ஸ்குரூ டிரைவர் வேண்டாம், மூங்கில் சில்லு ஒன்றைச் சீவி எடுங்கள். அதற்கு நம்ம மலையில் பஞ்சமில்லை. கண்ணாடி வந்ததும் தகட்டு விளிம்பைக் கம்பித் தூரிகையால் உரசி, ஒரு அங்குலம் விடாமல் விரலால் தடவிப் பாருங்கள். துருவை வெட்டி எடுத்து, ரெட் ஒக்சைட் அடித்து, நன்றாகக் காய விடுங்கள். நம்ம ஊர் மழையில் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

றப்பரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாதிப் பேர் கண்ணாடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் பழைய றப்பரையே போடுவார்கள். அதை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் எறிந்துவிடுங்கள். மடிப்பு மிருதுவாக இருந்தால், சுடுதண்ணியில் போட்டு எடுத்து இன்னும் சில வருஷம் ஓட்டலாம். புதிதாகக் கண்ணாடி வாங்கும்போது றப்பரின் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். பழைய கண்ணாடிகள் ஆறு மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மெல்லியதைப் போட்டால் ஆடும், மழை ஒழுகும், ஒழுகிய இடத்தில் மறுபடி துரு.

பூட்டுவதற்கு நைலோன் கயிறு வேண்டும். உடுப்புக் காயப்போடும் கொடிக் கயிறே போதும், நாலு அல்லது ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு. முதலில் றப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். வெளிப்பக்கப் பள்ளத்தில், அதாவது தகடு வந்து உட்கார வேண்டிய பள்ளத்தில், கயிற்றைச் சுற்றிலும் வைத்து, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்க விடுங்கள். றப்பரில் சவர்க்காரத் தண்ணி பூசுங்கள். எண்ணெயோ கிரீஸோ பூசாதீர்கள், றப்பரைத் தின்றுவிடும். வெளியே ஒருவர் விரித்த உள்ளங்கையால் அமுக்க, உள்ளே ஒருவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் இழுக்க, றப்பர் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டே வரும். எங்காவது இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். கயிறு நின்ற இடத்தில் என்ன தடுக்கிறது என்று பாருங்கள். முஷ்டியால் குத்துகிற ஆள் கண்ணாடி வேலைக்கு ஆகாது.

கடைசியில் றப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் இறுகாத மாஸ்டிக் பசை கொடுங்கள். குளியலறைக்கு விற்கும், வினாகிரி மணக்கிற சிலிக்கனைப் பூசாதீர்கள். அந்த அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், லமினேட்டின் ஓரத்தையும் பிரிக்கும். அந்த மணம் வந்தால் டியூபைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் றப்பர் வைத்த பழைய வாகனங்களுக்கு. புதிய வாகனங்களில் கண்ணாடியைப் பசையாலேயே உடம்போடு ஒட்டியிருப்பார்கள், கூரையின் பலத்திலும் அதற்குப் பங்கு உண்டு. அதில் நீங்களும் கை வைக்க வேண்டாம், நானும் வைப்பதில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மறுபடி கதவு திறந்தது உண்மைதான். ஆனால் முப்பது, நாற்பது வருஷத்து வானுக்குப் புதிதாகக் கண்ணாடி செய்து கப்பலில் ஏற்ற யார் இருக்கிறார்கள்? நம்மிடம் ஓடுவது அவைதானே.

இருக்கிற கண்ணாடியைக் காப்பாற்றுவதும் வேலைதான். கல் பட்டு ஒரு புள்ளி விழுந்தால், அன்றைக்கே அதன் மேல் ஒரு துண்டு தெளிந்த டேப் ஒட்டுங்கள். தண்ணியும் தூசியும் போகாமல் இருந்தால், லமினேட்டில் அதைப் பிசின் ஊற்றி நிரப்பலாம். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். கேத்தல் சுடுதண்ணியை ஊற்றுகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அந்தப் புள்ளி ஒரே நிமிஷத்தில் ஒரு முழம் ஓடும். பச்சைத் தண்ணி ஊற்றி, துணியால் துடையுங்கள்.

தாய்மாருக்கும் ஒன்று. வான்காரத் தம்பியிடம் கண்ணாடியைப் பற்றிக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். வெடித்த கண்ணாடியோடு வந்தால் பிள்ளையைப் பின் சீட்டில் ஏற்றுங்கள், முன் சீட்டுக்கு நடுவில் நிற்க விடாதீர்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

ஒரு தம்பி முதலே கேட்டார், கண்ணாடி கிடைக்கும்வரை பொலித்தீன் கட்டி ஓட்டலாமா என்று. சாரதிக்கு முன்னால் கூடாது, ஒரு மைல்கூடக் கூடாது. கண்ணாடி கிடைக்கும்வரை வான் நிற்கட்டும். மாறி மாறி ஏற்றிக்கொள்ள இன்னொரு வான்காரரோடு பேசிக்கொள்ளுங்கள். 2022இல் அந்தத் தம்பி கடைசி ஐந்து கிழமையும் அப்படித்தான் செய்தார். வருமானம் பாதியானது. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

பேசியது போதும். வெளியே ஒரு வான் நிற்கிறது, கண்ணாடி கழற்றி வைத்திருக்கிறேன், தகடு முந்தாநாளே பெயின்ட் அடித்துக் காய்ந்துவிட்டது. கயிறு இழுக்க ஒருவர், அமுக்க இரண்டு பேர் வாங்க. மோதிரம், கைக்கடிகாரம் போட்டிருப்பவர்கள் கழற்றிவிட்டு வாங்க.